மலைக்குப் போன பச்சிலைக் கட்டு

அக்காவுக்கு மசக்கை கண்டபோது சோறு வேகும் வாசனை ஆகவில்லை. தாளிக்கும் வாசனை ஆகவில்லை. மாமா தலைக்குத் தேய்க்கும் தேங்காயெண்ணெய் கூட ஆகவில்லை. அவள் அப்போது கல்வராயன் மலையில் இருந்தாள். மாமாவுக்கு வெள்ளிமலையைத் தாண்டி ஒரு பள்ளிக்கூடத்தில் வாத்தியார் வேலை. கல்யாணமாகி ஒரு வருஷம்கூட முடியவில்லை.

கள்ளக்குறிச்சிக்கு ஏதோ ஆபீஸ் வேலையாக இறங்கி வந்த மாமா, திரும்பும் வழியில் எங்கள் வீட்டில் எட்டிப் பார்த்தார். கச்சிராயபாளையம் சாலையை ஒட்டித்தான் எங்கள் ஊர். மலைக்குப் போகிற பஸ் எங்கள் ஊர் வழியாகத்தான் போகும். காப்பியைக் குடித்துவிட்டு, மாமியாரிடம் சொல்லக் கூச்சப்பட்டு, என்னிடம் சொன்னார்.

“பாப்பா, உங்க அக்கா எதையும் துன்ன மாட்டேங்குது. எதைக் கண்டாலும் ஓங்கரிக்குது. உங்க வூட்டுத் தோட்டத்துல பச்சிலை இருக்குதாமே, அதுல ஒரு கொத்து எடுத்துக்கினு வரச் சொல்லுச்சி. அந்த வாசம் மட்டும் ஒத்துக்கும்னு சொல்லுது.”

பச்சிலை என்று நாங்கள் சொன்னது திருநீற்றுப்பச்சிலையை. துளசிக்குச் சொந்தக்காரச் செடி. இலை துளசியைவிடப் பெரியது, வழவழப்பானது. விதையைச் சப்ஜா என்று கடையில் விற்பார்கள். கசக்கினால் கிராம்பும் எலுமிச்சைத் தோலும் கலந்தாற்போல ஒரு வாசனை வரும். விரலில் பட்டால் சாயங்காலம் வரைக்கும் போகாது. அக்காதான் களமருதூரில் சித்தி வீட்டுக்குப் போனபோது கதிரை உருவி, விதையை முந்தானையில் முடிந்து கொண்டுவந்தவள். கிணற்றடியில் துணி துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில், தண்ணீர் ஓடுகிற வாய்க்கால் ஓரமாகத் தூவினாள். கனகாம்பரத்தோடு அதை வைத்துக் கட்டி ஒரே சரத்தை இரண்டாக வெட்டி நாங்கள் இருவரும் தலையில் வைத்துக்கொள்வோம். அவள் பக்கத்துத் துண்டு எப்போதும் கொஞ்சம் சின்னதாக இருக்கும். கேட்டால், “எனக்கு முடி கம்மிடி” என்பாள். அவளுக்குத்தான் முடி அதிகம்.

அவள் கல்யாணமாகிப் போன பிறகு நான் அந்தப் பக்கம் போகவில்லை. செடிகள் கவனிப்பாரில்லாமல் பூத்து, கதிர் முற்றி, தண்டு கட்டையாகிவிட்டன. அன்று மாமாவுக்குக் கொடுக்கத் தேடியபோது நல்ல இலையாகக் கிடைத்தது கைக்குள் அடங்குகிற அளவுதான். அதை வாங்கிச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு அவர் பஸ் ஏறினார்.

பஸ் போனதும் நான் கிணற்றடிக்குத் திரும்பி வந்து காய்ந்த கதிர்களை உருவினேன். உள்ளங்கையில் தேய்த்து ஊதினால் சருகு பறந்து கடுகைவிடச் சின்னதாகக் கறுப்பு விதை நிற்கும். எருக்குழியிலிருந்து மட்கிய எருவைச் சல்லடையில் சலித்து, செம்மண்ணோடு கலந்து, உடைந்த தவலையில் நிரப்பி விதைத்தேன். விதைமேல் மண் கனமாக விழக்கூடாது. தண்ணீரைக் கையால் தெளிக்க வேண்டும், ஊற்றினால் விதை ஒரு மூலைக்குப் போய்விடும். முளைத்து நாலு இலை விட்டதும் பிடுங்கி வாய்க்கால் ஓரம் நட்டேன். முழங்கால் உயரம் வந்ததும் நுனியைக் கிள்ளிவிட்டேன். நுனியைக் கிள்ளினால்தான் பக்கத்தில் இரண்டு கிளை விடும். அதையும் கிள்ளினால் நாலாகும். பூங்கதிர் தலைகாட்டினால் உடனே கிள்ளிவிட வேண்டும், விட்டால் இலை சிறுத்து வாசனை கெட்டுப்போகும். இதையெல்லாம் அக்கா செய்ததைப் பார்த்திருக்கிறேனே தவிர அதற்கு முன்னால் நான் செய்ததில்லை.

அதன்பிறகு வாராவாரம் கட்டு போனது. வெயில் ஏறுவதற்கு முன்னால், பனி காய்ந்த பிறகு அறுப்பேன். ஈரத்தோடு கட்டினால் இலை கறுத்துவிடும். தண்டின் அடியில் மட்டும் நனைத்த துணியைச் சுற்றி, மேலே வாழை இலையைத் தளர்வாகப் போர்த்தி, வாழை நாரால் கட்டுவேன். பஸ் நிற்கிற புளியமரத்தடியில் நின்று கண்டக்டரிடம் கொடுப்பேன். அவர் அதைத் தன் சீட்டுக்கு மேலே கம்பியில் மாட்டிக்கொள்வார்.

“உங்க அக்கா பஸ் வர்றதுக்கு முன்னாடியே வந்து நிக்குதும்மா,” என்று ஒருமுறை சொன்னார். இன்னொரு முறை, “போன தபா கம்மியா இருந்துதாம். ஜாஸ்தியா குடுத்து அனுப்பச் சொல்லுச்சி” என்றார்.

அதைக் கேட்டு நான் அன்றைக்கு முழுக்க ஒரு தினுசான சந்தோஷத்தில் திரிந்தேன். அக்கா இல்லாத வீட்டில் எனக்குப் பேச ஆளில்லை. அம்மாவுக்கும் அப்பாவுக்கும் வயல்காடு, மாடு, கரும்பு வெட்டு என்று நாள் போய்விடும். ராத்திரி பாயை விரிக்கும்போது அவள் பக்கம் காலியாகக் கிடக்கும். மலையிலே அவள் அந்தக் கொத்தைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு தூங்குகிறாள், அதை முகர்ந்துகொண்டே இரண்டு வாய் சோறு சாப்பிடுகிறாள் என்று மாமா சொல்லியனுப்பியிருந்தார். நனைத்த துணி திரும்பி வரும்போது அதில் எதையாவது முடிந்து அனுப்புவாள். மலை நெல்லிக்காய், ஒருமுறை நாலு கொய்யா. துணியை நான் உடனே துவைக்க மாட்டேன். அவள் வீட்டு அடுப்புப் புகை அதில் இருக்கும்.

அது எங்கள் சாதிக்குத் தனி இட ஒதுக்கீடு கேட்டுப் போராட்டம் நடந்துகொண்டிருந்த காலம். ஊருக்கு ஊர் கூட்டம் போட்டார்கள். அப்பா கூட்டங்களுக்குப் போவார். அதிகம் பேசாதவர், அதிலிருந்து திரும்பி வந்தால் மட்டும் பேசுவார். நான் அப்போது பிளஸ் டூ படித்துக்கொண்டிருந்தேன். மரங்களை வெட்டிக் குறுக்கே போட்டு ஒரு வாரம் சாலை மறியல் என்று அறிவித்தார்கள். அக்காவுக்கு ஒன்பதாம் மாசம் நடந்துகொண்டிருந்தது. மலையிலேயே வளையல் போட்டு, பிரசவத்துக்கு எங்கள் வீட்டுக்கு அழைத்துவர நாள் குறித்திருந்தோம். அந்த நாள் மறியல் வாரத்துக்குள் விழுந்தது.

அப்பா கோடாலியைச் சாணை பிடித்ததை அம்மா பார்த்துவிட்டாள்.

“பெரியவள அழைச்சிக்கினு வரணும். நெனப்பு இருக்குதா இல்லையா?”

“ஒரு வாரந்தானே. அப்பால நானே போயி தோள்ல தூக்கிக்கினு வரேன்.”

“வயித்துல இருக்கற புள்ள உங்க கூட்டத்துல கேட்டுக்கினு வருமா?”

அப்பா கோடாலியைக் கீழே வைத்துவிட்டு என்னைக் காட்டினார். “எங்கப்பன் ஏர் புடிச்சான். நானும் அதையேதான் புடிச்சிக்கினு கெடக்கறேன். இதுவாவது படிச்சி ஒரு வேலையில போயி ஒக்காரணும்னா சும்மா கூப்ட்டுக் குடுப்பாங்களா?”

அம்மா அடுப்படிக்குப் போய்விட்டாள். நான் அங்கே நின்றிருந்தது எனக்கே பிடிக்கவில்லை. எனக்காகத்தான் மரம் வெட்டப் போகிறார் என்றால் நான் என்ன சொல்ல முடியும்? அக்கா வரட்டும், அப்புறம் வெட்டுங்கள் என்று சொல்ல வாய்வரை வந்தது. சொல்லவில்லை.

பஸ் நிற்கிற அந்தப் புளியமரத்தைத்தான் வெட்டினார்கள். வீட்டுக்குள் இருந்தே அது சாய்ந்த சத்தம் கேட்டது. சாலைக்குக் குறுக்கே அது விழுந்ததும் ஊரே ஒரு மாதிரி அமைதியாகிவிட்டது. லாரி இல்லை, பஸ் இல்லை. காலனியிலிருந்து கூலி வேலைக்கு வருகிறவர்கள் அந்த வாரம் எங்கள் தெருப்பக்கமே வரவில்லை. மறியல் கோபம் தங்கள்மேல் திரும்பிவிடுமோ என்ற பயம் அவர்களுக்கு. மழை வேறு பிடித்துக்கொண்டது. மழையில் பச்சிலை எங்கே பார்த்தாலும் தழைத்தது. கிள்ளக் கிள்ளக் கதிர் வந்துகொண்டே இருந்தது.

கட்டு அனுப்ப வேண்டிய நாள் வந்தபோது நான் வழக்கம்போல அறுத்துக் கட்டி எடுத்துக்கொண்டு சாலைக்குப் போனேன். பஸ் வராது என்று எனக்குத் தெரியும். இருந்தாலும் வீட்டில் இருக்க முடியவில்லை. விழுந்த மரத்தின்மேல் ஆண்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். அப்பாவும் இருந்தார். என் கையில் இருந்ததைப் பார்த்தார்.

“இன்னாத்துக்கு இங்க வந்த? வூட்டுக்குப் போ பாப்பா,” என்றார். கோபமாகச் சொல்லவில்லை. சொல்லிவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

இரண்டு நாள் கழித்து மத்தியானம் அப்பா ஓடி வந்தார். அவர் ஓடி நான் பார்த்ததில்லை. மாமா அனுப்பிய மலைக்காரர் ஒருவர் முந்தின நாளே நடக்க ஆரம்பித்து, மறியல் செய்தவர்களிடம் வந்து வழி கேட்டிருக்கிறார். “வாத்தியார் சம்சாரத்துக்கு வலி மாதிரி இருக்குதுங்க. அவங்க அப்பா அம்மாகிட்ட சொல்லச் சொன்னாரு” என்று அவர் சொன்னது அப்பாவிடமே. பிரசவத்துக்கு நாள் இன்னும் இருந்தது. வலி முன்னாலேயே வந்துவிட்டது.

சைக்கிளில் ஒருவரைத்தான் உட்கார வைக்க முடியும். அம்மா புடவையைக்கூட மாற்றாமல் கிளம்பினாள். அவள் ஒரு பையில் பழைய துணியும் பிள்ளை பெற்றவளுக்குக் கொடுக்கிற காய மருந்தும் எடுத்து வைப்பதற்குள் நான் கிணற்றடிக்கு ஓடினேன். அரிவாளால் எல்லாச் செடியையும் ஒரு சாண் விட்டு அறுத்தேன். மழை ஈரம் சொட்டியது. துடைக்க நேரமில்லை. இரண்டு கை கொள்ளாத அளவு இருந்தது. அம்மா கேரியரில் உட்கார்ந்து அதை மடியில் வைத்துக்கொண்டாள். “மாட்டுக்குத் தண்ணி காட்டு. பக்கத்து வூட்டு அத்தைய வந்து படுத்துக்கச் சொல்லு” என்றாள். போய்விட்டார்கள்.

அந்த நாட்களை நான் எப்படிக் கழித்தேன் என்று கேட்டால் சொல்லத் தெரியவில்லை. மாட்டைக் கவனித்தேன். அறுத்த கட்டைகளுக்கு எரு வைத்தேன். அவை பிழைக்குமா என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். மலையிருக்கும் திசையில் மேகம் மூடிக் கிடந்தது, மலை கண்ணுக்குத் தெரியவில்லை.

அப்பா தனியாகத்தான் திரும்பி வந்தார். அவரைத் தனியாகப் பார்த்ததும் வாசலுக்கு ஓடினேன். சைக்கிளைச் சுவரில் சாய்த்துவிட்டு, “பொட்டப்புள்ள பொறந்திருக்கு. ரெண்டும் நல்லா இருக்குது” என்றார். அப்புறம் தரையில் உட்கார்ந்துவிட்டார். நான் தண்ணீர் கொடுத்தேன். குடித்துவிட்டுக் கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னார்.

நம்ம ஊர் மரத்தில் நம்ம ஆட்களே சைக்கிளைத் தூக்கி மறுபக்கம் வைத்தார்களாம். அடுத்த ஊரில் விடவில்லை. “எம்பொண்ணுய்யா, எம்பொண்ணு” என்று சொன்ன பிறகு விட்டார்களாம். அதற்கப்புறமும் வழியெல்லாம் மரம். ஒவ்வொரு மரத்திலும் அம்மாவை இறக்கி, சைக்கிளைத் தூக்கி, அம்மாவைக் கைகொடுத்து ஏற்றி இறக்கி. மலைப்பாதையில் தள்ளிக்கொண்டே நடந்தார்கள். “உங்கம்மா வழி முச்சூடும் எங்கிட்ட ஒரு வார்த்தை பேசல. பேசியிருந்தா கூடத் தேவல” என்றார். அவர்கள் போய்ச் சேர்வதற்குள் குழந்தை பிறந்துவிட்டது. அந்த ஊர்ப் பெண்கள் பார்த்துக்கொண்டார்கள்.

“அக்கா இன்னா சொல்லுச்சி?” என்று கேட்டேன்.

“மொதல்ல ‘பாப்பா வரலையா’ன்னு கேட்டுச்சி.”

“பச்சிலை?”

“குடுத்தோம். மொகத்துல வச்சிக்கினு அழுதுச்சி.”

அப்பா அதைச் சொல்லிவிட்டு வெளியே போய்த் தொட்டித் தண்ணீரில் முகத்தைக் கழுவினார். வெகுநேரம் கழுவினார்.

மறியல் முடிந்து, போலீஸ் வேன்கள் வந்து போய், வெட்டிப் போட்ட மரங்களை அப்புறப்படுத்திய பிறகும் அக்கா உடனே வரவில்லை. மழையில் பச்சைக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு இறங்க வேண்டாம் என்று அம்மா அங்கேயே தங்கிவிட்டாள். நான் மறுபடியும் கட்டு அனுப்பலாம் என்று நினைத்தேன். செடிகள் அடியிலிருந்து துளிர்த்துத்தான் இருந்தன. ஆனால் கண்டக்டர் மாறியிருந்தார். புதியவர், “லக்கேஜா? யாரு எறக்கிக்குவாங்க?” என்று கேட்டார். பச்சைக் குழந்தையோடு அக்கா பஸ்ஸுக்கு வந்து நிற்க முடியாது என்று அப்போதுதான் உறைத்தது, கட்டைத் திருப்பி எடுத்துவந்தேன். பொங்கல் கழித்து அக்கா வருகிறாள் என்று சேதி வந்தது. அதற்காகவே செடியைக் காத்தேன். பனியில் இலை வாடாமல் இருக்கச் சாயங்காலம் கோணி போட்டு மூடினேன்.

அவள் வந்தபோது இளைத்திருந்தாள். குழந்தையை என் கையில் கொடுத்துவிட்டு என் கன்னத்தைப் பிடித்துப் பார்த்தாள். நான் தயாராக அறுத்து வைத்திருந்த கொத்தை நீட்டினேன். முகத்தருகே கொண்டுபோனவள் சட்டென்று அதைத் தள்ளிப் பிடித்துக்கொண்டாள்.

“வாணாண்டி. இப்ப இந்த வாசம் ஆவல. அந்த மழையும் அந்த வலியும் நெனப்பு வந்துடுது. வயித்தப் பெரட்டுது.”

சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்த்து, “கோச்சிக்காத” என்றாள். “கோவம் எல்லாம் இல்ல” என்றேன். கோபம் இல்லைதான். கொத்தை எடுத்துக்கொண்டுபோய் மாட்டுக் கொட்டகையில் செருகினேன், கொசுவுக்காவது ஆகட்டும் என்று. அன்றைக்குச் சாயங்காலம் அக்கா குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டே அம்மாவோடு பேசிக்கொண்டிருந்தாள். குழந்தைக்கு மாந்தம், குழந்தைக்கு எண்ணெய், மாமாவுக்குச் சமைக்க ஆளில்லாதது. நான் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன். மலையில் இருந்தபோது இதைவிட அருகில் இருந்தாள் என்று தோன்றியது.

அப்பா விரும்பியதில் ஒரு பகுதி பிற்பாடு கிடைத்தது. ஒதுக்கீடு வந்த பிறகு எனக்கு ஆசிரியர் பயிற்சியில் இடம் கிடைத்து, திருக்கோவிலூர்ப் பக்கம் வேலைக்குப் போனேன். வேலை உத்தரவு வந்த அன்று அப்பா யாரிடமும் எதுவும் சொல்லாமல், அக்கா குடும்பத்துக்கு மட்டும் ஆள் அனுப்பி வரவழைத்தார். எல்லோரும் சேர்ந்து சாப்பிட்டோம்.

அக்கா இப்போது மகளோடு சேலத்தில் இருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமைகளில் போன் பேசுகிறோம். நன்றாகத்தான் பேசுவாள். முட்டி வலி, பேரனின் டியூஷன், அங்கே தண்ணீர்ப் பஞ்சம். “உனக்கு எதுனா வேணுமா, அனுப்பட்டுமா?” என்று ஒவ்வொரு முறையும் கேட்கிறேன். “ஒண்ணும் வாணாம்மா. இங்க எல்லாம் கெடைக்குது” என்கிறாள். பேசி முடித்த பிறகும் கொஞ்ச நேரம் போனைக் கையிலேயே வைத்துக்கொண்டிருப்பேன். போன தடவை அனுப்பியது போதவில்லை, இன்னும் கொஞ்சம் வேண்டும் என்று அவள் ஒரே ஒரு தடவை சொல்லமாட்டாளா என்றிருக்கும்.