விண்ணப்பத்தில் நான் எழுதியது

அப்பா எனக்குக் கொடுத்த கெடு ஒரு கல்லூரி வருஷம். அதற்குள் தனியாக அறை எடுத்து என்னை நானே பார்த்துக்கொள்ள முடியும் என்று காட்ட வேண்டும். இல்லையென்றால் மூட்டை கட்டிக்கொண்டு ஜீயபுரத்து வீட்டுக்கே திரும்ப வேண்டும். எண்பதுகளின் ஆரம்பம் அது. தில்லை நகரில் ஒரு வீட்டின் பின்பக்கம் அறை கிடைத்தது. சின்ன வயதிலேயே இளம்பிள்ளை வாதம் இரண்டு கால்களையும் கவனித்துவிட்டிருந்தது. காலில் மாட்டும் இரும்புக் காலிபரும் கக்கத்துக் கட்டையும்தான் என் நடை.

இருந்தாலும் ஜோராகத்தான் ஓட்டினேன். தரையில் உட்கார்ந்து பம்ப் ஸ்டவ்வில் சோறு வடிப்பேன், சட்டை துவைப்பேன். தண்ணீர் மட்டும் தூக்க முடியாது. பக்கத்துச் சர்ச்சில் நாலைந்து பேர் சேர்ந்து என் மாதிரி ஆட்களுக்கு உதவி செய்துகொண்டிருந்தார்கள். அவர்கள் ஏற்பாட்டில் எதிர்வீட்டு அக்கா தினமும் இரண்டு குடம் கொண்டுவந்து வைப்பார். "ரசம் தெருமுனை வரைக்கும் மணக்குதே தம்பி, பொண்ணு பாத்துரலாமா?" என்று கிண்டல் வேறு.

கல்லூரிக்குப் போகும் பஸ்தான் பிரச்சினை. நான் ஏறுவதற்குள் கண்டக்டர் விசிலடித்துவிடுவார். அரசாங்கம் இலவசமாகக் கொடுக்கும், கையால் சுற்றி ஓட்டும் மூன்று சக்கர வண்டிக்கு அந்தக் குழுவிலிருந்த ரிட்டயர்டு வாத்தியார் ஒரு விண்ணப்பம் கொண்டுவந்தார்.

"உள்ளத மட்டும் எழுதுனா கடைசி வரிசையிலதான் நிப்ப. கொஞ்சம் கூட்டி எழுது."

எழுதித் தள்ளினேன். சமைக்க முடியாது, குளிக்க ஆள் வேண்டும், விழுந்தால் யாராவது வரும்வரை அப்படியே கிடப்பேன். படித்துவிட்டு சாரும் நானும் சிரித்தோம்.

கடைசிப் பக்கத்தில் அப்பா கையெழுத்து கேட்டிருந்ததை நான் பார்க்கவில்லை. சார் பார்த்தார். நல்ல மனுஷன், அவரே பஸ் பிடித்து ஜீயபுரம் போய்க் காகிதத்தைக் கொடுத்துவிட்டு வந்தார்.

ஞாயிற்றுக்கிழமை அப்பா வந்தார். கட்டிலில் உட்கார்ந்து, சட்டைப் பையிலிருந்து அதை எடுத்து ஒவ்வொரு வரியாகப் படித்தார்.

அத்தனையும் புளுகு என்றேன். அக்காவும் வந்து, தம்பியே எல்லாம் செய்துகொள்ளும் என்று சொல்லிப் பார்த்தார்.

"இது உன் கையெழுத்துதானே?"

"ஆமாப்பா. ஆனா வண்டிக்காக..."

"நான் வருத்தப்படுவேன்னு இப்ப மாத்திப் பேசுற."

காட்டிவிடலாம் என்று ஸ்டவ்வைப் பற்றவைத்தேன். தினமும் செய்கிற வேலை. அன்றைக்கு அவசரத்தில் அதிகமாகப் பம்ப் அடித்துவிட்டேன். தீ குப்பென்று எழும்பியது. அப்பா குனிந்து அதை அணைத்தார். திட்டவில்லை. திட்டியிருந்தால் சண்டையாவது போட்டிருப்பேன். என் துணிகளை மடிக்க ஆரம்பித்தார்.

மிச்சப் படிப்பைத் தபாலில் முடித்தேன். விண்ணப்பத்தில் அப்பா கையெழுத்துப் போட்டு அனுப்பியிருந்தார். வண்டி இரண்டு மாதம் கழித்து ஜீயபுரத்துக்கே வந்து சேர்ந்தது. எங்கள் வீட்டிலிருந்து ரோட்டுக்குப் போக ஒற்றை ஆள் நடக்கும் வரப்புதான். வண்டி முற்றத்தைத் தாண்டவில்லை. அம்மா அதன்மேல் துணி காயப்போட்டாள்.

நான் குளிக்கும்போதெல்லாம் கதவுக்கு வெளியே யாராவது ஒருவர் நின்றார். விண்ணப்பத்தில் அப்படித்தான் எழுதியிருந்தேன்.