நாற்பத்தெட்டுக்கு அமெரிக்காவில் என்ன புள்ளி?

கல்லூரிக் கந்தோரில் இருந்துகொண்டு, நம் ஊர்ப் புள்ளியை அமெரிக்காக்காரனுக்கு விளங்கும் புள்ளியாக மாற்றி எழுதுவதுதான் பதினொரு வருடமாக என் தொழில். பிறத்தியாருக்குச் சேட்டிபிக்கற் எழுதியே விரல் தேய்ந்த கிளாக்கர்மாருக்கு இதன் சுகம் தெரியும். எங்களுடையது மிஷன் கல்லூரி, பிரின்சிப்பல் அமெரிக்கப் பாதிரியார். ஆகவே வருடத்துக்கு இரண்டு மூன்று பெடியன்களாவது அந்தத் தேசத்துக் கல்லூரிகளுக்கு எழுதிப் போடுவார்கள். அங்கிருந்து வரும் பத்திரத்தில் பாடத்துக்குப் பாடம் புள்ளி கேட்டிருப்பான். அங்கே எழுபதுக்குக் கீழே எடுத்தவன் பெயில். இங்கே ஐம்பது எடுத்தவனை வகுப்பே திரும்பிப் பார்க்கும். இந்த இரண்டுக்கும் நடுவில்தான் என் மேசை கிடக்கிறது.

என் நாற்பத்தெட்டு

இந்த வேலைக்கு வருமுன் நானும் எழுதிப் போட்டவன்தான். கணிதத்தில் நாற்பத்தெட்டு எடுத்து வகுப்பில் முதலாவதாக வந்தேன். அப்போதிருந்த பெரிய கிளாக்கர் அந்த நாற்பத்தெட்டை முத்து முத்தான கையெழுத்தில் எழுதி அனுப்பினார். வகுப்பில் முதலாவது என்றோ, இரண்டாவதாக வந்தவனுக்கு நாற்பத்தொன்று என்றோ ஒரு வரி இல்லை. மூன்று மாதத்தில் பதில் வந்தது. கணிதத்தில் தேறாதவரைச் சேர்த்துக்கொள்ள முடியாததற்கு வருந்துகிறார்களாம்.

கடிதத்தைக் கொண்டுபோய் அவரிடம் காட்டினேன். கண்ணாடியைப் போட்டு இரண்டு தரம் வாசித்தார். கெட்ட மனிதர் அல்ல. என்மீது இரக்கப்பட்டுத்தான் பிறகு கந்தோரில் தனக்கு உதவியாக எடுத்துக்கொண்டார். அன்றைக்கு அவர் சொன்னது இவ்வளவுதான்: "நான் ஒரு புள்ளியும் குறைச்சு எழுதேல்லைத் தம்பி. இருந்ததை இருந்தபடிதான் எழுதினனான்."

கணக்கு மாஸ்ரர்

அவர் ஓய்வு பெற்று நான் அந்தக் கதிரைக்கு வந்ததும் செய்த முதல் வேலை, அலுமாரியில் கறையான் மிச்சம் விட்டிருந்த பழைய புள்ளிப் புத்தகங்களை இறக்கியதுதான். பத்து வருடத்தில் ஒவ்வொரு பாடத்திலும் ஐம்பது தாண்டியவர் எத்தனை பேர், முப்பதோடு நின்றவர் எத்தனை பேர் என்று எண்ணினேன். அன்று முதல் ஒவ்வொரு பத்திரத்தோடும் ஒரு குறிப்புத் தாள் இணைக்கிறேன். இந்தப் பள்ளிக்கூடத்தில் இந்தப் புள்ளியை எடுத்தவர்கள் இத்தனை பேர்தான், ஆகையால் உங்கள் ஊரில் இது 'ஏ', 'பி' வரிசையில் இன்ன எழுத்து என்று அதில் இருக்கும். எண்ணும்போது ஒரு விஷயம் தெரிந்தது. கணக்கு மாஸ்ரர் தன் காலத்தில் ஒருவனுக்கும் அறுபதுக்கு மேல் போட்டதில்லை. எல்லாக் கணக்கும் சரியாக இருந்தாலுமா என்று ஒருநாள் கேட்டேன். கையில் இருந்த சோக்கைக் கீழே வைக்காமலே சொன்னார்: "அறுபதுக்கு மேலை குடுத்துவிட்டால், மிச்சத்தை ஆர் படிக்கிறது?"

முதலெழுத்து

கொடிகாமத்திலிருந்து தோட்டம் செய்கிற ஒருவர் மகனுடைய பத்திரத்தைப் பார்க்க வந்தார். மகன் ஐம்பத்தைந்து எடுத்த கெட்டிக்காரன். என் புத்தகக் கணக்குப்படி அவனுக்கு அமெரிக்காவில் 'ஏ' கிடைக்கவேண்டும், அதையே போட்டிருந்தேன். மனிதர் அந்த எழுத்துக்குக் கீழே விரலை வைத்துக்கொண்டு, ஐம்பத்தைந்து எங்கே என்று கேட்டார். அதைத்தான் மாற்றியிருக்கிறேன், இதற்குமேல் அவர்களிடம் எழுத்தே இல்லை என்றேன். முகம் தெளியவில்லை. கடைசியில் எழுத்துக்குப் பக்கத்தில் எண்ணையும் போட்டுக் கொடுத்தேன். இன்றுவரை இரண்டையும் போட்டு வருகிறேன். போகும்போது வாசலில் நின்று எனக்குப் புத்தி சொன்னார்: "உது அரிவரிப் பிள்ளையளுக்குப் படிப்பிக்கிற முதலெழுத்தெல்லே தம்பி. என்ரை மகன் அம்பத்தைஞ்சு எடுத்தவன்."

நல்லூர்ப் பிறக்கிராசியார்

ஐம்பதை 'ஏ' ஆக்குகிறவன் என்று என் பெயர் அடிபட, நல்லூரிலிருந்து ஒரு பிறக்கிராசி, அதுதான் கோட்டு வழக்குப் பேசுகிறவர், வந்து சேர்ந்தார். அவருடைய மகனுக்கு முப்பத்தொன்று. ஐம்பது 'ஏ' என்றால் முப்பத்தொன்று 'பி'யாவது ஆகவேண்டும் என்று அரை மணித்தியாலம் வாதாடினார். நான் புள்ளிப் புத்தகத்தை விரித்து, வகுப்பில் முக்கால்வாசிப் பேர் அவனுக்கு மேலே நிற்பதைக் காட்டினேன். கூட்டி எழுதினால் அடுத்த வருடம் என் குறிப்பை அங்கே எவனும் நம்பமாட்டான், அப்போது உண்மையான 'ஏ'க்காரனும் சேர்ந்து தாழ்வான் என்றேன். அவர் சால்வையை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, எனக்குக் கலியாணம் ஆகிவிட்டதா என்று விசாரித்தார். இல்லை என்றேன். "அதுதான் பாத்தன். பிள்ளை குட்டி இருந்தால் இந்த நியாயம் எல்லாம் கதைக்கமாட்டீர்."

அவர் எரிச்சலில் சொன்னதுதான், ஆனாலும் அன்று முழுக்க அது எனக்குள் கிடந்து குத்தியது.

அமெரிக்கக் கடிதம்

அம்மா போய் ஆறு வருடம். தங்கச்சி கலியாணம் முடித்து மலாயாவில் இருக்கிறாள். நான் குருநகரில் ஒரு வீட்டு முன்னறையில் வாடகைக்கு இருக்கிறேன். அந்த வருடத்தோடு இருபத்துமூன்று பேரை அனுப்பியிருந்தேன், ஒருவன்கூட ஒரு வரி எழுதவில்லை. அதனால்தான் என் பெயருக்கு அமெரிக்க முத்திரையோடு ஒரு கடிதம் வந்தபோது தபால்காரர் அதைக் கையை உயர்த்திக் காட்டிக்கொண்டே வந்தார். உடனே உடைக்க மனம் வரவில்லை. அறைக்குக் கொண்டுபோய், தேத்தண்ணி வைத்துக் குடித்துவிட்டு, கதிரையை யன்னலடிக்கு இழுத்துப் போட்டுக்கொண்டு உடைத்தேன். போன பெடியன்களில் ஒருவன்தான். மேற்படிப்புக்குத் தேவைப்படுகிறது, பழைய சேட்டிபிக்கற்றில் இன்னொரு பிரதி அனுப்பவும் என்று இருந்தது. சுகமா என்ற சொல் எங்கேயாவது அகப்படுமா என்று பின்பக்கமும் திருப்பிப் பார்த்தேன். அடுத்த நாள் தபால்காரர் சிரித்துக்கொண்டு சொன்னார்: "ஐயாவுக்கு அமெரிக்காவிலையும் ஆக்கள் இருக்கினம் என்ன."

இருபத்துநாலாவது ஆள்

இராசநாயகம் எங்கள் கல்லூரியில் விஞ்ஞானம் படிப்பிக்கிறவர், இங்கேயே படித்தவரும்கூட. ஏழு வருடமாக மத்தியானச் சாப்பாட்டை என் மேசையில் வைத்து இருவரும் சேர்ந்து சாப்பிடுவோம். பின்னேரம் கொழும்புத்துறை இறங்குதுறை வரை சயிக்கிளில் போய்வருவோம். எனக்கு உலகத்தில் கதைப்பதற்கு இருந்தது அவர் ஒருவர்தான். ஒரு திங்கட்கிழமை, சாப்பாட்டுப் பெட்டியோடு ஒரு பத்திரத்தையும் மேசையில் வைத்தார். இரசாயனம் படிக்க அமெரிக்கா போகப் போகிறாராம், வெள்ளிக்கிழமைத் தபாலில் சேரவேண்டுமாம். நான் எழுதினால் தனக்குப் பயமில்லை என்றார்.

செவ்வாய்க்கிழமை அவருடைய புள்ளிகளை ரைப் அடித்தேன். இரசாயனத்தில் ஐம்பத்தொன்று, மற்றவற்றில் நாற்பத்தேழு, நாற்பத்துநாலு. அவ்வளவுதான் அடித்தேன். குறிப்புத் தாளை அடிக்கவில்லை. கள்ள வேலை என்று ஒருவரும் சொல்லமுடியாது, ஒரு புள்ளியும் குறைக்கவில்லை, இருந்தது இருந்தபடியே இருந்தது. பிரின்சிப்பல் கையெழுத்து வைத்தார். காபன் பிரதி வழக்கம்போலக் கோவைக்குள், அதுதான் பைலுக்குள், போயிற்று. புதனும் வியாழனும் அந்தத் தாள் என் மேசை லாச்சிக்குள் கிடந்தது. நாங்கள் அதன் மேலேயே வைத்துச் சாப்பிட்டோம். அவர் ஒன்றும் கேட்கவில்லை. வெள்ளிக்கிழமை காலையில் தபால் கந்தோர் வரை கொண்டுபோய்விட்டேன். உறையை ஒட்டப் போகையில்தான் பெரிய கிளாக்கர் கண்ணாடியைப் போட்டு என் கடிதத்தை வாசித்த முகம் நினைவுக்கு வந்தது. வெட்கமாகப் போய்விட்டது. திரும்பி வந்து, பத்து வருடத்தில் இரசாயனத்தில் ஐம்பதைத் தாண்டியவர்கள் நாலு பேர், இவர் அவர்களில் ஒருவர் என்று குறிப்பை அடித்து, மறுபடி கையெழுத்து வாங்கி, மத்தியானத் தபாலில் சேர்த்தேன்.

இடம் கிடைத்தது, உபகாரப் பணமும் கிடைத்தது. ஸ்ரேசனில் ரெயில் வர நேரம் இருந்தபோது, மனம் பொறுக்காமல் அவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் தண்டவாளத்தைப் பார்த்தபடி கேட்டுக்கொண்டு நின்றார். நான் என்ன புள்ளி போட்டிருக்கிறேன் என்று பார்க்கப் புதன்கிழமை கோவையைத் திறந்தபோதே குறிப்பில்லாத அந்தப் பிரதியைக் கண்டுவிட்டாராம். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: "நீர் அதையே அனுப்பியிருந்தாலும் நான் ஒண்டும் கேட்டிருக்கமாட்டன். உம்மோடை இஞ்சையே நிண்டிருப்பன்."

புள்ளியை நியாயமாகப் போட்டால் ஆட்கள் போய்விடுகிறார்கள் என்பதைத் தவிர, இந்தத் தொழிலில் சொல்லும்படியான குறை வேறொன்றும் இல்லை.