ஐந்தாம் சுற்றில் மாறிய சீட்டு

மலாயாவின் அவசரகாலத்தில், கம்யூனிஸ்ட் கெரில்லாக்கள் காட்டில் இருந்த நாட்களில், கோலா சிலாங்கூருக்கு வடக்கே ஒரு ரப்பர் தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணியாக இருந்தேன். ஞாயிற்றுக்கிழமைகளில் முள்கம்பி வேலியைத் தாண்டிப் போக வழியில்லை. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு என் வீட்டு மேசையில் மூன்று பேர் போக்கர் ஆடுவோம்: நான், மருந்தகத்தில் ஊசி போடும் டிரஸ்ஸர், தோட்டப் பள்ளி வாத்தியார். பந்தயம் தீக்குச்சிகள்தான்.

சீட்டுப் போடும்போது நேரும் தவறுகளால் இரண்டு ஞாயிறு சண்டை வந்தது. மூன்றாம் ஞாயிறு நானே விதிகளை எழுதி, சுவரில் ஆணியடித்து மாட்டினேன். ஒருவரைத் தாண்டி அடுத்தவருக்குச் சீட்டு விழுந்துவிட்டால், போட்டவர் கண்ட உடனே சொல்ல வேண்டும். எல்லாச் சீட்டையும் திரும்ப வாங்கிக் கலைத்துப் போட வேண்டும். எவரேனும் வேண்டாத சீட்டைக் கொடுத்துப் புதிதாக மாற்றிவிட்டால், அதன் பிறகு தவறு தெரிந்தாலும் ஆட்டம் செல்லும்.

அந்த ஆண்டு கிறிஸ்துமஸுக்கு டிரஸ்ஸரும் நானும் விடுப்புக் கேட்டோம். வேலிக் காவலுக்கு ஆள் வேண்டும், ஒருவர்தான் போகலாம், நீங்களே பேசி முடித்துக்கொள்ளுங்கள் என்றார் மானேஜர். டிரஸ்ஸரின் மனைவி பிரசவத்துக்குக் கோலா குபு பாருவில் தாய்வீட்டில் இருந்தார். பிறந்த மகளை டிரஸ்ஸர் இன்னும் பார்க்கவில்லை. கிறிஸ்துமஸ் அன்று ஞானஸ்நானம். எனக்கு அப்படி ஒன்றுமில்லை. ஜெராமில் அண்ணன் வீட்டு விருந்துக்குப் போகும் ஆசை மட்டுமே. நான் விட்டுக்கொடுத்திருக்கலாம். சீட்டில் பார்த்துக்கொள்வோம் என்றேன்.

ஒரே ஆட்டம். விடுப்பு கேட்காத வாத்தியாரும் ஆட்டம் நிறையட்டும் என்று உட்கார்ந்தார்.

“ஊசி போடுற கை. சீட்டத் தொட்டா நமக்குக் காய்ச்சல்தான்லா,” என்றார் வாத்தியார்.

“ஒங்களுக்குப் போட்ட ஊசியில மருந்தே இல்ல வாத்தியாரே, வெறும் தண்ணி,” என்றார் டிரஸ்ஸர்.

சீட்டுப் போட்டது நான். முதலில் வாத்தியார், பிறகு டிரஸ்ஸர், கடைசியில் நான். ஐந்தாம் சுற்றில், வாத்தியாருக்குப் போட்டு முடித்த நேரம், வாசல் கேட்டருகே கவச வண்டி ஒன்று உறுமிக்கொண்டு வந்தது. எல்லோரும் திரும்பிப் பார்த்தோம். நான் பார்வையைத் திருப்பியபோது அடுத்த சீட்டை என் முன்னால் வைத்திருந்தேன். டிரஸ்ஸர் முன்னால் நான்கே இருந்தன. சொல்லியிருக்க வேண்டும். அவருக்குரியதை நான் வைத்துக்கொண்டு, எனக்குரியதை அவருக்குப் போட்டேன்.

சீட்டைப் பிரித்தேன். முதல் நான்கில் இரண்டு ஏஸ். ஐந்தாவதாக வந்தது ஆர்ட்டின் ஏஸ்.

மாற்ற வேண்டியவற்றை மாற்றினோம். அப்போது டிரஸ்ஸர் மெதுவாகக் கேட்டார்:

“கிராணியாரே, கடைசிச் சீட்டு போட்டவருக்குத்தான வரணும்? எனக்கு வந்த மாதிரி இருந்துச்சே?”

அவர் என் முகத்தைப் பார்த்தார். நான் சுவரைப் பார்த்தேன்.

“மாத்தியாச்சே, டிரஸ்ஸரே. இனி ஆட்டம் செல்லும்.”

பொய் எதுவும் சொல்லவில்லை. இரண்டாவது விதியைச் சொன்னேன். முதலாவதைச் சொல்லவில்லை.

“எழுதுனவரு சொன்னா சரிதான்,” என்று சீட்டை விரித்துக் காட்டினார். இரண்டு ராஜா, இரண்டு பத்து. என் மூன்று ஏஸ் வென்றன.

அன்றைய நாட்குறிப்பில் மழை பெய்த நேரம், வண்டி வந்த நேரம், ‘விடுப்பு எனக்கு’ என்ற வரி, எல்லாம் இருக்கின்றன. ஐந்தாம் சுற்று இல்லை.

ஜெராமில் நண்டுக் குழம்பு வைத்தார்கள். நான் ரசம் மட்டும் ஊற்றிக்கொண்டேன்.

திரும்பி வந்தபோது டிரஸ்ஸர் என் முறைக் காவலையும் சேர்த்துப் பார்த்து முடித்திருந்தார். சில நாட்களில் தபாலில் வந்த ஞானஸ்நானப் படத்தைக் கொண்டுவந்து காட்டினார். வெள்ளைத் துணிக்குள் சிறு முகம். ஏந்தி நின்றவர் அவருடைய மச்சான்.

“மூக்கு என்ன மாதிரியே இருக்கு, பாருங்க,” என்றார்.

அடுத்த ஞாயிறு வாத்தியார் வருமுன் சொல்லிவிடலாம் என்று வாயெடுத்தேன்.

“டிரஸ்ஸரே, அன்னிக்கு அந்த அஞ்சாவது...”

“அந்த ஆட்டம் முடிஞ்சுபோச்சு, கிராணியாரே. ஞானஸ்நானமும் முடிஞ்சுபோச்சு. சீட்டக் கலைங்க.”

வாத்தியார் வந்ததும் கலைத்துப் போட்டேன். முன்பெல்லாம் டிரஸ்ஸர், சீட்டு விழும்போது சுருட்டு பற்ற வைப்பார், வாத்தியாரைச் சீண்டுவார். அன்று ஐந்தாம் சுற்றின் கடைசிச் சீட்டு என் முன்னால் விழும்வரை, என் கையிலிருந்து அவர் கண்ணை எடுக்கவில்லை.