கவிழ்க்காத டப்பா

சாஃப்ட்வேர் வேலைக்கு வந்த புதிதில் முன்னாள் ராணுவத்தினர் நிறைந்த சைனிக்புரியில் குடியிருந்தேன். பக்கத்து வீட்டுக்காரர் ராணுவத்தில் வண்டிகளைப் பழுதுபார்த்து ஓய்வு பெற்ற மதுரைக்காரர். கறையே படியாத வெள்ளை பனியனுடன், ஷெட்டில் ஒரு பழைய புல்லட்டை நட்டு போல்ட்டு வரை கழற்றி மறுபடி பூட்டிக்கொண்டிருந்தார். ஒவ்வொரு பாகத்துக்கும் பெயர் எழுதிய டப்பா அலமாரியில் உண்டு. பாகம் வண்டியில் ஏறியதும் காலி டப்பாவைக் கவிழ்த்துவிடுவார்.

ஒரு ஞாயிறு காலை வண்டி ஸ்டார்ட் ஆனது.

“எனக்கு முட்டி வலி தம்பி. நீங்க ஒரு ரவுண்டு போயிட்டு வாங்க.”

பெருமையோடு ஏறினேன். முதல் திருப்பத்தில் தண்ணீர் லாரி குறுக்கிட்டது. பிரேக்கை மிதித்தேன், கால் சும்மா இறங்கியது. கைப்பிரேக்கும் பிடிக்கவில்லை. புதிதாய்க் கட்டிக்கொண்டிருந்த வீட்டு வாசலில் மணல் குவியலுக்குள் பாய்ந்துதான் நின்றேன்.

வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தேன்.

“இன்ஜின் சத்தம் எப்படி இருந்துச்சு?” என்றார்.

அப்போதுதான் அலமாரியைப் பார்த்தேன். ஒரே ஒரு டப்பா கவிழாமல் இருந்தது. ‘பிரேக்’ என்று எழுதியிருந்தது.

“சொல்லியிருக்கலாமே சார்!”

“சொல்லியிருந்தா ஏறியிருப்பீங்களா?”

அடுத்த ஞாயிறு அதுவும் கவிழ்ந்திருந்தது. சாவியை நீட்டினார். நான் டப்பாவை நிமிர்த்தி உள்ளே பார்த்தேன்.

“என்ன தம்பி, என் மேல நம்பிக்கை இல்லையா?”

உண்மையாகவே அவர் முகம் வாடிவிட்டது. அதைத்தான் இன்றுவரை என்னால் நம்ப முடியவில்லை.