மூன்று நாள் கட்டளை

மகள் கப்பல் வேலைக்குக் கிளம்பியது ஒரு வெள்ளிக்கிழமை. துறைமுகத்துக்குப் போகும் ரயில் பத்து நாற்பதுக்கு. அப்பா கட்டளை அனுப்ப வேண்டிய செயற்கைக்கோள் வானத்தில் வருவது பதினொன்று பத்துக்கு. இரண்டுக்கும் நடுவே ஸ்டேஷனிலிருந்து அலுவலகம் வர முடியுமா என்று அப்பா மூன்று நாளாக மனதுக்குள் கணக்குப் போட்டுப் பார்த்தார். முடியாது.

"ஒரு நாள் லீவு போட்டா குடியா முழுகிடும்?" என்றாள் மகள், வாசலில் நின்று ஷூவுக்கு முடிச்சுப் போட்டபடி.

"வெள்ளிக்கிழமை முடியாதும்மா. சனி, ஞாயிறு, திங்கள் மூணு நாளுக்கும் சேத்து இன்னைக்கு ஒரே தடவைதான் அனுப்ப முடியும்."

"சூரியன் என்ன ஓடியா போயிடும்?"

"ஓடும். ஒரு நாளைக்குப் பதிமூணு டிகிரி."

அவர் அதை வேடிக்கையாகத்தான் சொன்னார். மகள் சிரிக்கவில்லை. பெட்டியைத் தூக்கிக்கொண்டு, "சரி, போறேன்" என்றாள்.

"போயிட்டு வர்றேன்னு சொல்லுடி" என்றாள் அம்மா. அதற்குள் மகள் படியிறங்கிவிட்டாள். அம்மாவும் செருப்பை மாட்டிக்கொண்டு பின்னால் ஓடினாள்.

அவர் விஞ்ஞானி அல்ல. பதினைந்து வருடம் பஸ் டிப்போவில் எந்த வண்டி எந்த வழியில் எத்தனை மணிக்கு என்று அட்டவணை போட்டவர். சூரியனைப் பார்க்கும் விண்வெளித் தொலைநோக்கிக்கு அட்டவணை போட ஆள் வேண்டும் என்று விளம்பரம் வந்தபோது, அதுவும் நிற்காமல் போகிற ஒரு வண்டிதானே என்று எழுதிப்போட்டார். வேலை கிடைத்தது. அலுவலகத்தில் அவருக்கு 'டைம்டேபிள்' என்று பெயர். வீட்டுச் சமையலறையில் இரண்டு கடிகாரங்கள் மாட்டினார்: ஒன்று ஊர் நேரம், இன்னொன்று உலக நேரம். மகள் இரண்டையும் பார்த்துத்தான் மணி கற்றுக்கொண்டாள். பள்ளிக்கூடத்தில் யாராவது மணி கேட்டால், "எந்த மணி?" என்று திருப்பிக் கேட்டு அடி வாங்கியதும் உண்டு.

சூரியனை ஒரு சாப்பாட்டு மேசை என்று வைத்துக்கொண்டால், அந்தத் தொலைநோக்கிக்கு ஒரு சமயத்தில் தெரிவது அதன் மேல் கிடக்கும் ஓர் அஞ்சல் உறை அளவு இடம்தான். அந்த உறையை எங்கே வைப்பது என்று ஒவ்வொரு வாரமும் ஒரு விஞ்ஞானி சொல்வார். முறை மாறி மாறி வரும். சொன்ன இடத்தைக் கட்டளை வரிகளாக மாற்றி மேலே அனுப்புவது டைம்டேபிளின் வேலை. யாரும் புதிதாக எழுதுவதில்லை. போன வாரத்துக் கோப்பை எடுத்து மாற்ற வேண்டியதை மாற்றுவார்கள். பிறகு ஒருவர் வரி வரியாக உரக்கப் படிப்பார், மற்றவர் ஒவ்வொன்றுக்கும் "சரி" சொல்வார்.

போன வாரம் சூரியனின் துருவத்தைப் பார்த்தார்கள். அங்கே எதையும் துரத்திப் போக வேண்டியதில்லை. இந்த வாரத்து விஞ்ஞானி, நான்கு மாதம் காத்திருந்து முறை கிடைத்த ஒரு பெண், நடுச் சூரியனில் கறுத்துத் திரண்டிருந்த ஒரு புள்ளிக்கூட்டத்தைக் காட்டியிருந்தார். அது வெடிக்கும் என்பது அவர் நம்பிக்கை. சூரியன் ஒரு நாளைக்குப் பதிமூன்று டிகிரி சுழலும்போது புள்ளிகளும் நகரும். தொலைநோக்கியும் கூடவே நகர வேண்டும்; அதற்குக் கோப்பில் 'தொடர்தல்' என்ற வரியை 'ஆம்' என்று மாற்ற வேண்டும்.

பத்து நாற்பதுக்கு அவர் சுவர்க்கடிகாரத்தைப் பார்த்தார். ரயில் கிளம்பியிருக்கும். அம்மா மட்டும் பிளாட்பாரத்தில் நின்று கையாட்டியிருப்பாள். எதிரே இருந்த ஆபரேட்டர் படித்துக்கொண்டே போனார்.

"தொடர்தல்: இல்லை."

"சரி" என்றார் டைம்டேபிள்.

பதினொன்று பத்துக்குக் கட்டளை மேலே போனது. கோளாறு எதுவும் காட்டவில்லை. சொன்னதைச் செய்யும் இயந்திரம், சொன்னதைச் செய்தது.

ஞாயிற்றுக்கிழமை நண்பகலில் அந்தப் புள்ளிக்கூட்டம் வெடித்தது. அந்த வருடத்திலேயே பெரிய வெடிப்பு. பூமியின் பகல் பக்கத்தில் நெடுந்தூர ரேடியோக்கள் முக்கால் மணி நேரம் ஊமையாகிப் போயின என்று அறிக்கை வந்தது. அவர்களுடைய தொலைநோக்கி வெள்ளிக்கிழமை அந்தப் புள்ளிகள் இருந்த இடத்தையே விடாமல் பார்த்துக்கொண்டிருந்தது.

திங்கட்கிழமை காலை விஞ்ஞானி படங்களை ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தார். குரலை உயர்த்தவில்லை.

"வெறும் சூரியன். ரொம்பத் தெளிவா இருக்கு, அதுல ஒரு குறையும் சொல்ல முடியாது."

"படிச்சது என் காதுல விழுந்துச்சு மேடம். நான்தான் சரின்னு சொன்னேன்" என்றார் அவர்.

"அப்புறம் எதுக்கு சார் உரக்கப் படிக்கிறோம்? தொண்டைக்கு நல்லதுன்னா?"

டைம்டேபிள் பதிவேட்டில் தவற்றைத் தன் பெயரில் எழுதி, கீழே இன்னொன்றும் எழுதினார்: இனி 'சரி' என்று சொல்லக் கூடாது, கேட்பவர் வரியைத் திருப்பிச் சொல்ல வேண்டும். இன்றைக்கும் அங்கே அதுதான் வழக்கம். வேலை போகவில்லை. விஞ்ஞானியின் அடுத்த முறை நான்கு மாதம் கழித்து வந்தபோது சூரியனில் ஒரு புள்ளிகூட இல்லை.

மகள் அம்மாவுடன் மட்டும் பேசினாள். போன் வரும்போது அவர் செய்தித்தாளைத் திருப்பிக்கொண்டு பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பார்.

"அப்பாகிட்ட குடுக்கட்டுமா?"

அந்தப் பக்கம் என்ன சொன்னாள் என்பது அம்மாவின் முகத்திலேயே தெரிந்துவிடும். அவரும் வற்புறுத்தவில்லை. பத்து நாற்பதுக்குக் கடிகாரத்தைப் பார்த்ததையும் ஞாயிற்றுக்கிழமை நடந்ததையும் மகளிடம் சொல்ல வேண்டாம் என்று மட்டும் கேட்டுக்கொண்டார். அம்மா ஏழு மாதம் தாக்குப்பிடித்தாள். அவளைப் பொறுத்தவரை அதுவே பெரிய சாதனை.

எட்டாவது மாதம், ஒரு புதன்கிழமை, அவர் அலுவலகத்தில் கோப்பைத் திருத்திக்கொண்டிருந்தபோது மகளிடமிருந்து செய்தி வந்தது. முதலில் ஒரு புகைப்படம்: கப்பல் ரேடியோ பதிவேட்டின் ஒரு பக்கம், அந்த ஞாயிற்றுக்கிழமைத் தேதி, அவளுடைய கையெழுத்து. 'எந்த அலைவரிசையிலும் சத்தமில்லை' என்று ஒரு வரி. அதற்கு எதிரே இரண்டு நேரங்கள். கீழே எழுதியிருந்தாள்:

"அப்பா, அம்மா எல்லாத்தையும் உளறிட்டா. அன்னைக்கு நான் கப்பல்ல ஏறி ஒரு நாள்கூட ஆகல. புதுசா வந்தவ ரேடியோவைக் கெடுத்துட்டான்னு கேப்டன் எல்லார் முன்னாடியும் என்னைக் கிழிச்சு எடுத்துட்டார். கழட்டிக்கூடப் பாத்தாங்க. ஆரம்பிச்சது, முடிஞ்சது ரெண்டும் நான் எழுதி வச்சிருக்கேன். உலக நேரம்தான், நீ மாத்த வேண்டியதில்ல. உன் தொலைநோக்கி பாக்காததை நான் பாத்திருக்கேன், உபயோகப்பட்டா எடுத்துக்கோ. அடுத்த மாசம் பன்னெண்டாம் தேதி வர்றேன். வெள்ளிக்கிழமைதான். ஸ்டேஷனுக்கு வராத, பத்து நாற்பதுக்குக் கடிகாரத்தையும் பாக்காத. 'தொடர்தல்: ஆம்'னு போட்டியான்னு மட்டும் பாத்துக்கோ."