உரத்துப் பாடச் சொன்ன தலைவர்

செய்தி வந்தபோது லிபெர்த்தா வீதியில் நான் வேலை செய்யும் இத்தாலியச் சின்யோராவின் திரைச்சீலைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தேன். “அக்கா, தலைவர் எங்களை விட்டிட்டுப் போயிட்டார்,” என்று நம் கோவில் கூட்டத்து மேரி போனில் அழுதாள். திரைச்சீலை கருகியது. சின்யோரா ஒரு வார்த்தை ஏசவில்லை.

மன்னார் அருளப்பு அண்ணரை நாம் யாரும் தேர்ந்தெடுக்கவில்லை. ஆனாலும் அவர்தான் தலைவர். யாருடைய வதிவிடப் பெர்மெஸ்ஸோ இழுபட்டாலும் பொலிஸ் குவெஸ்தூரா வாசலில் முதல் ஆளாய் நிற்பார். மிச்ச நேரமெல்லாம் மாதாவுக்குப் பாட்டுக் கட்டுவார். அவர் பராமரித்த முதிய பேராசிரியரின் மருந்துப் பெட்டிகளைப் பிரித்து, அவற்றின் உட்புறத்தில்தான் எழுதுவார்.

அந்தப் பேராசிரியர் அவருக்கு ஐஸ்லாந்துக் குறுநிலத் தலைவன் ஒருவனின் கதையைச் சொல்லியிருந்தார். பல நூற்றாண்டுகளுக்கு முன் கத்தோலிக்க ஆயரைப் பகைத்துப் போருக்குப் போனவன். போகுமுன் கடவுளுக்கு ஒரு பாட்டு எழுதியவன். “அவன் ஆயரோடைதான் சண்டை பிடிச்சவன், பிள்ளை. கடவுளோடை இல்லை,” என்று தலைவர் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்.

நம் பங்குக் கோவிலிலும் சண்டை வந்தது. திருவிழாப் பூசையில் தமிழ்ப் பாட்டுக்கு நேரமில்லை என்றார் பங்குத்தந்தை. தலைவர் வாதாடவில்லை, நம் எல்லோரையும் கோவில் படிகளில் நிறுத்தினார். வழக்கம்போல முதல் அடியை அவர் எடுத்துக்கொடுத்தார். நான் சைவக்காரி, வேதக்காரரின் பாட்டென்ற கூச்சத்தில் முணுமுணுத்தேன். “உரத்துப் பாடு பிள்ளை. கடவுளுக்கு மெல்லப் பாடினாலும் கேக்கும். உள்ளுக்கை இருக்கிற ஆக்களுக்குக் கேக்க வேணும்,” என்றார். முகம் சிவக்க வெளியே வந்த பங்குத்தந்தை, பாட்டு முடியும்வரை நின்றார். “அடுத்த வருடம் பார்ப்போம்,” என்று மட்டும் சொன்னார்.

அடுத்த திருவிழாவுக்குத் தலைவர் இருக்கவில்லை.

அடக்கப் பூசையன்று அதே பங்குத்தந்தை பீடத்திலிருந்து இறங்கி வந்து, “அவருடைய பாட்டு எங்கே?” என்று இத்தாலியனில் கேட்டார். முதல் அடியை எடுத்துக்கொடுக்க வேண்டியவர் சவப்பெட்டிக்குள் கிடந்தார்.

நான் எடுத்தேன். உரத்தே எடுத்தேன். தமிழ் வாசிக்கத் தெரியாத நம் பிள்ளைகள்தான் முதலில் பிடித்துக்கொண்டார்கள். பிறகு மன்னார், யாழ்ப்பாணம், சைவம், வேதம் எல்லாம் ஒன்றாய்ச் சேர்ந்து கோவிலை நிறைத்தது. அழுதுகொண்டே வென்றோம். திருவிழாவுக்கும் உள்ளேதான் பாட வேண்டும் என்றார் பங்குத்தந்தை.

பாட்டுகள் எழுதிய அட்டைகளைத் தலைவரின் மகள் வைத்திருக்கிறாள். எனக்கு அவர் விட்டுப்போனது அந்த முதல் அடி. திருவிழாவுக்கு எல்லோரும் வாருங்கள். பீடத்துக்கு முன்னால் நின்று நான் எடுத்துக்கொடுக்கிறேன்.