ஒண்ணும் தெரியலை

போன ஞாயிற்றுக்கிழமை, டெல்லி மயூர் விஹாரில் எங்கள் சொசைட்டி ஹாலில் ஒரு பதினாறாம் நாள் சாப்பாடு. போனவன் இருபத்தாறு வயதுப் பையன்.

அந்த வயதில் போனவனுக்கான சாப்பாட்டில் பாயசம் எப்படி இறங்கும்? இலையை மூடலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த, பையனின் உறவினர் ஒருவர் என் பக்கம் சாய்ந்தார்.

"சார், நீங்க புரோட்டீன் சயின்டிஸ்ட்தானே? நீங்களே சொல்லுங்க... அந்த டப்பா பவுடர்தானே பையனைக் கொண்டு போச்சு?"

எதிர்வரிசையில் நாலைந்து தலைகள் நிமிர்ந்தன. நான் "ம்..." என்றேன்.

அந்த "ம்" பொய். இந்த வாரப் பத்தி அதைப் பற்றித்தான். வழக்கமான அரட்டைக்காக வந்தவர்கள் பக்கத்தைப் புரட்டிவிடலாம், கோபித்துக்கொள்ள மாட்டேன்.

பையன் பெயர் விக்னேஷ். எங்கள் ப்ளாக்கில் மூன்றாம் மாடி. அம்மா முத்துலட்சுமி, மத்திய அரசு வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். டெல்லிக்கு வந்து ஒரு தலைமுறை ஆகியும் திருநெல்வேலித் தமிழை விடாதவர். அப்பா பல வருஷங்களுக்கு முன் மெட்ரோ ஸ்டேஷன் படியில் ஏறும்போதே சரிந்து போனார். 'மாசிவ் அட்டாக்' என்று எழுதிக் கொடுத்தார்கள். யாரும் மேற்கொண்டு கேட்கவில்லை. அக்கா பிரியா, கல்யாணமாகி அடுத்த ப்ளாக்கில் இருக்கிறாள். அவளுக்கு ஐந்து வயதில் தாரா என்று ஒரு பெண்.

விக்னேஷுக்கு நான் 'புரோட்டீன் அங்கிள்'. லிஃப்டில் பார்த்தால் விட மாட்டான்.

"அங்கிள், வே புரோட்டீன் பவுடர் ஒரு ஸ்கூப்பா, ரெண்டா?"

"நான் படிச்சது அந்த புரோட்டீன் இல்லைடா."

"அப்ப எது அங்கிள்? ராஜ்மாவா?"

சிரித்துக்கொண்டே இறங்கிப் போவான். பெரிய தோள்கள். ஆரோக்கியத்துக்குப் போட்டோ எடுத்து மாட்டலாம் போல இருப்பான்.

நான் படித்தது இதயத் தசையில் இருக்கும் ஒரு புரோட்டீனை. அதன் மடிப்பு ஒன்றில் போய் உட்கார்ந்து, மிதமிஞ்சி இறுகும் தசையைத் தளர்த்தக்கூடிய மருந்து மூலக்கூறு கிடைக்குமா என்று தேடியதில் என் உத்தியோக காலம் முழுக்கப் போயிற்று. எனக்குக் கிடைக்கவில்லை. வேறு தேசத்தில் வேறு யாருக்கோ கிடைத்தது. போகட்டும்.

விஷயம் இதுதான். அந்த புரோட்டீனுக்கான ஜீனில் ஒரே ஒரு எழுத்து மாறும். பல பேருக்கு அதனால் எதுவும் ஆகாது. சில குடும்பங்களில் இதயச் சுவர் தடித்துப் போகும். வெளியே எதுவும் காட்டாது. படியேறும்போதோ, ஓடும்போதோ ஆளைச் சாய்த்துவிடும்.

போன குளிர்காலத்தில் ஒரு காலை. பால் பூத் வாசலில் வாக்கிங் கோஷ்டியோடு நின்றிருந்தேன். ஒரே புகைமூட்டம், எல்லோரும் மங்கி குல்லாவில். பிரியா மூச்சு வாங்க ஓடி வந்தாள்.

"அங்கிள், ஜஸ்ட் டூ மினிட்ஸ்!"

ஏதோ செக்கப்புக்குப் போனபோது அப்பா போன கதையைக் கேட்ட டாக்டர், ஜீன் டெஸ்ட் எடுக்கச் சொல்லியிருக்கிறார். ரிப்போர்ட் அவள் போனில் இருந்தது. "விக்கியையும் ஹார்ட்டுக்கு எக்கோ ஸ்கேன் எடுக்கச் சொல்லியிருக்கார். அவன் ஜல்தி சொல்லு, அப்பாயின்ட்மென்ட் வெக்கட்டுமா வேண்டாமாங்கறான். டாக்டரைப் பாக்க நெக்ஸ்ட் வீக் ஆகும். நீங்க எவ்ளோ பெரிய சயின்டிஸ்ட், நீங்க சொன்னா போதும்."

நண்பர்கள் குல்லாவைத் தூக்கிக்கொண்டு என்னையே பார்த்தார்கள். கண்ணாடியை மேலே ஏற்றிவிட்டுப் படித்தேன். என்னுடைய புரோட்டீன். அதில் ஒரு கண்ணி மாறியிருந்தது. அந்த மாற்றத்தை நான் எங்குமே பார்த்ததில்லை. 'இதன் விளைவு தெளிவாகவில்லை' என்றுதான் ரிப்போர்ட்டும் சொன்னது. நல்லதா, கெட்டதா — உலகத்தில் யாருக்கும் தெரியாது.

நான் சொன்னேன்: "இதுல ஒண்ணும் தெரியலைம்மா."

"ஒண்ணும் தெரியலையா? அச்சா! தேங்க் காட்!"

பாருங்கள், நம் மொழி எவ்வளவு வசதியானது! 'இருட்டில் ஒண்ணும் தெரியலை' என்றால் கண்ணில் எதுவும் படவில்லை. 'கணக்கில் ஒண்ணும் தெரியலை' என்றால் மண்டையில் எதுவும் இல்லை. நான் சொன்னது இரண்டாவது. அவள் கேட்டது முதலாவது. டெல்லியில் பிறந்து வளர்ந்த பெண், வீட்டுத் தமிழோடு சரி. அவள் மேல் என்ன தப்பு?

இத்தோடு நின்றிருந்தால், குழப்பத்துக்குத் தமிழ்தான் பொறுப்பு என்று எழுதி இந்தப் பத்தியை முடித்திருப்பேன். ஆனால் அவள் அங்கேயே நின்று தம்பிக்குப் போன் போட்டாள்.

"அரே விக்கி, குச் நஹீ நிக்லா! அங்கிள் நே தேக் லியா. எக்கோ-வெக்கோ சோட், ஜிம் ஜா!"

எதுவும் வரவில்லை, அங்கிள் பார்த்துவிட்டார், எக்கோவெல்லாம் விடு, ஜிம்முக்குப் போ. ஹிந்தியில் இரட்டை அர்த்தம் ஏதும் இல்லை. டெல்லிக்கு வந்து தலை நரைத்தவன் நான். காய்கறிக்காரரோடு ஹிந்தியில் சண்டை போட்டே ஜெயிப்பவன். ஒவ்வொரு வார்த்தையும் புரிந்தது.

"இரும்மா, நான் அப்படிச் சொல்லலை" — இவ்வளவுதான் சொல்லியிருக்க வேண்டும். ஏன் சொல்லவில்லை?

சொன்னால் அடுத்த வாக்கியம் 'எனக்குத் தெரியாது' என்று வர வேண்டும். என்னுடைய புரோட்டீனைப் பற்றி, அத்தனை குல்லாக்களுக்கு முன்னால்! இந்தப் பத்தியிலேயே அதைப் பற்றி எத்தனை வாரம் பீற்றியிருக்கிறேன். நீங்களும் கடிதம் போட்டு என்னைக் கெடுத்திருக்கிறீர்கள். அவள் முகம் வேறு அவ்வளவு மலர்ந்திருந்தது... இல்லை, இது சாக்கு. முதல் காரணம்தான் காரணம்.

அவள் டாக்டரிடம் திரும்பப் போகவில்லை. அவன் எக்கோ எடுக்கவில்லை. நான் பால் பாக்கெட்டோடு வீட்டுக்குப் போனேன்.

போன மாதம் நொய்டாவில் ஜிம்மில் விழுந்தான். ஆஸ்பத்திரிக்குப் போகுமுன்பே முடிந்துவிட்டது. போஸ்ட்மார்ட்டத்தில் இதயச் சுவர் தடித்திருந்தது. அதற்குக் காரணம் ஸ்டீராய்டு, பவுடர், ஓவர் எக்ஸர்சைஸ் என்று ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். ஃப்ரிட்ஜ் மேல் இருந்த டப்பாவை யாரோ ஆத்திரத்தில் குப்பையில் எறிந்தார்கள். எல்லோருக்கும் வசதியாக ஒரு குற்றவாளி கிடைத்துவிட்டான். எனக்கும்தான்.

ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன். கை கழுவிவிட்டு வெளியே வந்தேன். டென்ட்வாலா ஆட்கள் நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தார்கள். பிரியாவோடு உட்கார்ந்திருந்த முத்துலட்சுமியம்மா என்னைப் பார்த்ததும் எழுந்தார்.

"அண்ணாச்சி, நீங்க அன்னைக்கே பாத்து ஒண்ணுமில்லன்னு சொன்னியளே! பாவி, அந்தப் பவுடரத் தின்னு போயிட்டானே..."

தாரா நாற்காலி அடுக்கைச் சுற்றி ஓடிக்கொண்டிருந்தது. ஓடி, நின்று, மூச்சு வாங்கி, மறுபடியும் ஓடியது. குழந்தைகள் எல்லாம் அப்படித்தான் மூச்சு வாங்கும். ஆனாலும் என்னால் பார்க்க முடியவில்லை. பவுடர்தான் காரணம் என்றால், இந்தக் குழந்தையை யார் டாக்டரிடம் காட்டுவார்கள்? பிரியாவை யார் காட்டுவார்கள்? என் "ம்" இன்னும் இரண்டு பேரைக் கொண்டு போகலாம்.

சொன்னேன். அன்று ரிப்போர்ட்டில் இருந்ததை, நான் சொன்னதை, பிரியா புரிந்துகொண்டதை, அது எனக்குத் தெரிந்ததை... எல்லாம்.

பிரியா எழுந்து என் எதிரே வந்து நின்றாள். பிறகு கேட்டாள்.

"நான் விக்கிகிட்ட போன்ல பேசினப்போ நீங்க அங்கேயே இருந்தீங்களா?"

"இருந்தேன்."

"ஹிந்தில சொன்னேனே... புரிஞ்சுதா?"

"புரிஞ்சுது."

"ஸப் குச்?"

"எல்லாம்."

அவள் அழவில்லை. திட்டியிருக்கலாம், அதுவும் செய்யவில்லை. முத்துலட்சுமியம்மா மட்டும் மெதுவாகக் கேட்டார். "அப்பம்... அந்த டப்பா இல்லியா அண்ணாச்சி?"

இல்லை என்று தலையாட்டினேன்.

பிரியா தாராவைப் பிடித்து இழுத்து என் முன்னால் நிறுத்தினாள். "இவளுக்கு இருக்கா?"

"எனக்குத் தெரியாதும்மா. உனக்கும் அவளுக்கும் எக்கோ எடுக்கணும். நாளைக்கே."

இந்த 'எனக்கு'வை அன்றே சொல்லியிருக்கலாம். தமிழில் அதை விட்டுவிட்டும் பேசலாம், இலக்கணம் கோபிக்காது.

ஒரு ஜீன் மாற்றம் 'தெரியாதது' என்ற பெட்டியிலிருந்து 'கொல்வது' என்ற பெட்டிக்குப் போக வேண்டுமானால் சாட்சிகள் வேண்டும். நோயாளிகள்தான் சாட்சி. செத்தவர்களும்தான். போஸ்ட்மார்ட்டத்தில் எடுத்த விக்னேஷின் ரத்த மாதிரியை இப்போது ஜீன் சோதனைக்கு அனுப்பியிருக்கிறார்கள். அவனிடமும் அதே எழுத்து மாறியிருந்தால், விஞ்ஞானம் ஓரடி முன்னேறும். வாழ்நாள் முழுக்க இந்த மாதிரி அடிகளுக்குத்தான் நானும் மேடையில் கைதட்டியிருக்கிறேன்.

பிரியா இப்போது பால் பூத்தில் என்னைக் கண்டால் அடுத்த கேட் வழியாகப் போகிறாள். போகட்டும். எக்கோ எடுத்தாளா என்று விசாரிக்கும் யோக்கியதை எனக்கு இல்லை. விசாரிக்காமல் இருக்கவும் முடியவில்லை.

நேற்று லிஃப்ட் வாசலில் முத்துலட்சுமியம்மா அவராகவே நின்றார். என் முகத்தைப் பார்க்காமல், லிஃப்ட் கதவைப் பார்த்துச் சொன்னார்.

"பிரியாவுக்குச் செவரு தடிக்க ஆரம்பிச்சிருக்காம். மாத்திர குடுத்திருக்காவ. சின்னவளுக்கு ஒண்ணும் தெரியலன்னு டாக்டர் சொன்னாரு."

நான் கேட்டேன். "அம்மா... ஒண்ணும் தெரியலைன்னா, ஒண்ணும் இல்லைன்னா? இல்லே, டாக்டருக்கே தெரியலைன்னா?"

"இப்பம் ஒண்ணுமில்ல, வருஷா வருஷம் பாக்கணும்னாரு. பிரியா விடாம கேட்டாள்லா? ரெண்டு தடவ கேட்டா."

என்னிடம்தான் ஒரு தடவையோடு நிறுத்திக்கொண்டாள்.